பருவமும் பருவும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். பதினான்கு வயதுப் பெண்ணிடம் போய் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். "என் அகத்தில் ஒரு குறையும் இல்லையே, பின்னே முகத்தில் மட்டும் ஏன் இத்தனை பரு?" என்று திருப்பிக் கேட்பாள். கேள்வி நியாயமானதே. ஆண்டு மலரில் பருவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று யாரும் நகைக்க வேண்டாம். கடுகளவு பருவில் தொடங்கிய கவலை, கலகலவென்று பேசும் எங்கள் தோழி ஒருத்தியைப் பள்ளிப் பக்கமே வராமல் பல நாள் வீட்டுக்குள் அடைத்து வைத்தது. அதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆகவே எழுதத் துணிந்தோம்.

நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல் திட்டாய்க் கிடக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தையும் அதன் அண்டைக் குப்பங்களையும் சேர்ந்தவர்கள். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், தலைக்கு மேல் சூரியன். இதுதான் எங்கள் ஊரின் படம். காற்றில் உப்பு, கிணறுகள் பலவற்றில் உவர்நீர், சோப்புப் போட்டால் நுரை வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். இந்த வெயிலிலும் வியர்வையிலும் எங்கள் அன்னையர் வாழ்நாளெல்லாம் மீன் கூடை சுமந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பற்றி நினைக்க நேரமில்லாதவர்கள். எங்களுக்கோ கண்ணாடி பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. அதனால் கவலையும் கிடைத்திருக்கிறது.

முதலில் பரு என்பது என்ன? அழுக்கினால் வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நம் தோலில் உள்ள மயிர்க்கால்களோடு ஒட்டிச் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் உடலில் ஹார்மோன்கள் பெருகும்போது இந்தச் சுரப்பிகள் அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. உதிர வேண்டிய தோல் செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடிய அடைப்பு வெண்புள்ளி. வாய் திறந்த அடைப்பு கரும்புள்ளி. அந்தக் கருமையும் அழுக்கல்ல. எல்லார் தோலிலும் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர் அடைபட்ட எண்ணெயில் பெருகி, அந்த இடம் சிவந்து வீங்கினால் அதுவே பரு. அந்த நுண்ணுயிரை முன்பு 'புரோப்பியோனிபாக்டீரியம்' என்றார்கள். 2016-ஆம் ஆண்டில் 'கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் எதுவாயினும், இளம் வயதில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பரு எட்டிப் பார்க்காமல் போவதில்லை. ஆகவே இது பாவமுமல்ல, சாபமுமல்ல, சோம்பேறித்தனத்தின் அடையாளமுமல்ல.

புள்ளிகளும், அங்கங்கே சில சிவந்த பருக்களும் மட்டும் இருந்தால் அது லேசான பரு. எங்களுள் ஒருத்திக்கு அப்படித்தான் இருந்தது. நெற்றியில் ஐந்தாறு, மோவாயில் மூன்று. ஆனால் அவள் தோல் எதைப் பட்டாலும் எரியும் தோல். புது சோப்புப் போட்டால் கன்னம் சிவக்கும். வெயிலில் நடந்து வந்தால் முகம் சுருக்கென்று குத்தும். டாக்டர்கள் இதை 'சென்சிடிவ் ஸ்கின்' என்கிறார்கள். லேசான பருவும் எரியும் தோலும் சேர்ந்த இடத்தில்தான் சங்கடம் அதிகம். பருவை விரட்டப் போடுவதெல்லாம் தோலைப் புண்ணாக்கும். தோல் புண்ணானால் பரு இன்னும் சிவந்து காட்டும்.

பரு வந்த பெண்ணுக்கு மருந்து சொல்லாத வீடு எங்கள் குப்பத்தில் இல்லை. "எலுமிச்சம்பழம் தேய்" என்பார் ஒரு அக்கா. "பற்பசையை இரவில் அப்பிக்கொள்" என்பாள் ஒரு தோழி. "மஞ்சளை நல்லா அரைச்சுப் பூசும்மா" என்பார் ஆயா. எல்லாம் அன்பினால் சொல்வதே. ஆனால் அன்புக்கும் அளவு வேண்டாமா? நம் தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. சாதாரணக் குளியல் சோப்பு 9 அல்லது 10. ஒன்று சுடும் புளிப்பு, மற்றொன்று காரம். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது நம் கன்னம். பற்பசையில் உள்ள புதினாச் சத்தும் நுரைக்கும் பொருளும் பல்லுக்கானவை, பருவுக்கானவை அல்ல. மஞ்சள் பலருக்கு ஒத்துக்கொள்ளும்; எரியும் தோலுக்குச் சில வேளை ஒத்துக்கொள்ளாது. உப்பையும் சர்க்கரையையும் போட்டுத் தேய்ப்பது, மணல் போட்டுப் பாத்திரம் துலக்குவதற்குச் சமம்.

இவையெல்லாம் எரிச்சலோடு போகும். இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. அதைத்தான் எங்கள் தோழியிடம் கண்டோம்.

அவளுக்கு இருந்ததும் லேசான பருதான். பள்ளி விழாவில் வரவேற்புரை சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "மேடையில நிக்கப் போற பொண்ணு, கொஞ்சம் கலரா தெரிய வேணாமா?" என்று உறவினர் ஒருவர் ஒரு டியூப் களிம்பைக் கொடுத்தார். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கியது. பத்தே நாளில் பருக்கள் மறைந்தன; முகம் வெளுத்து மினுமினுத்தது. கண்டவரெல்லாம் புகழ்ந்தார்கள். டியூப் தீர்ந்தது. தீர்ந்த நான்காம் நாள் முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பருக்கள் கூட்டமாய்க் கிளம்பின. மறுபடி ஒரு டியூப் வாங்கித் தடவினாள்; அடங்கியது. நிறுத்தினாள்; சீறியது. சில மாதங்களில் கன்னத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. மேலுதட்டருகே பூனைமுடி அடர்ந்தது. காலை எட்டு மணி வெயிலில்கூட நிற்க முடியவில்லை. வரவேற்புரையை வேறொரு மாணவி சொன்னாள். "எம் பொண்ணு கருப்பா இருந்தாலும் மூஞ்சி எவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு" என்று அவள் அம்மா எங்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறக்க முடியாது.

அந்த டியூபில் என்னதான் இருந்தது? ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பல பெயர்களில் வரும். நல்ல மருந்துதான், கரப்பான் போன்ற நோய்களுக்கு டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை போட்டால் பலன் தரும். பரு முகத்தில் போட்டால் என்ன ஆகும்? இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தோல் வெளுப்பாய்த் தெரியும். வீக்கம் தணிவதால் பரு மறைந்ததுபோல் இருக்கும். உள்ளுக்குள்ளோ தோல் மெலிந்துகொண்டே போகும். பிறகு அந்த மருந்து இல்லாமல் இருக்க முடியாத நிலை வந்துவிடும். ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் கலந்த மூன்று மருந்துக் களிம்பும் கடைகளில் உண்டு. இவ்வகைக் கலவை 1975-இல் மருத்துவ உலகில் அறிமுகமானது. அது மங்கு போன்ற கருமைக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும் போடுவதற்கானது. தினமும் பூசும் முகப்பூச்சு அல்ல.

எங்கள் தோழி தனி ஆளல்ல. இந்தியாவில் 12 மருத்துவ மையங்களில், முகத்தோல் தொல்லைகளோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவி வந்தவர்கள்! அவர்களுக்கு நேர்ந்த பக்க விளைவுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்கே. பருவுக்கென்று தடவிய களிம்பே பருவை வளர்த்தது. இந்தியத் தோல்நோய் மருத்துவர் சங்கத்தார் இதை எதிர்த்துத் தனிக்குழு அமைத்துப் பாடுபட்டார்கள். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணையில் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனால் கடை வாசலில் நிற்பவர்கள் நாம்தானே? டியூபின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் அது நாமாக வாங்கும் பொருளல்ல என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதிச் சகோதரி ஒருவர் தோழியைச் சென்னையிலுள்ள அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். "நீயும் வாம்மா, ஒரே பயணத்தில் இரண்டு பேரையும் காட்டிவிடலாம்" என்று எங்களுள் பரு இருந்தவளையும் உடன் கூட்டிக்கொண்டார்கள். டாக்டர் அம்மா இருவரையும் பார்த்துவிட்டு, "என்ன போட வேண்டும் என்று அப்புறம் சொல்கிறேன். எதையெல்லாம் போடக் கூடாது என்று முதலில் கேளுங்கள்" என்றார்கள். நாங்கள் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த செய்தியின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

தோழிக்கு ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார்கள். எங்களுள் ஒருத்திக்குக் கிடைத்த முறையைக் கீழே தருகிறோம். லேசான பருவும் எரியும் தோலும் உள்ள மற்ற சகோதரிகளுக்கும் பயன்படலாம்.

முதல் இரண்டு வாரம் மருந்தே இல்லை. எலுமிச்சை, பற்பசை, மஞ்சள், வாசனைப் பூச்சு எல்லாவற்றுக்கும் விடுமுறை. காலையும் இரவும் காரமில்லாத, மணமில்லாத சோப்பினால் விரல் நுனிகொண்டு முகம் கழுவ வேண்டும். வியர்த்து வந்தால் வெறும் நீர் போதும். நாளைக்கு ஐந்து முறை கழுவினால் பரு ஓடிவிடாது, தோல்தான் காயும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு எண்ணெய்ப் பசையும் வாசனையும் இல்லாத ஈரப்பதக் கிரீமை மெல்லப் பூச வேண்டும். "பரு முகத்துக்குக் கிரீமா?" என்று அவள் தயங்கினாள். காய்ந்த தோல் மருந்தைத் தாங்காது என்று டாக்டர் விளக்கினார்கள்.

இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. அதன்பின் பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்து, 2.5 விழுக்காடு அளவில். அதிக அளவு போட்டால் சீக்கிரம் போகாதா என்று கேட்கத் தோன்றும். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் 2.5 விழுக்காட்டு மருந்து, 5, 10 விழுக்காட்டு மருந்துகளுக்கு இணையாகச் சிவந்த பருக்களைக் குறைத்தது. 10 விழுக்காட்டைவிட எரிச்சலும் தோலுரிவும் அதில் குறைவு. பத்துப் படி ஏற வேண்டிய அவசியமில்லை. கால் பங்கு போதும்! முதலில் காதின் பின்புறம் ஒரு பொட்டு தடவி மூன்று நாள் பார்த்தாள். சிவக்கவில்லை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், முகம் கழுவி நன்கு உலர்ந்த பின், பரு வரும் பகுதி முழுவதிலும் மெல்லிய பூச்சு. கண்ணோரம், உதடு, மூக்கு மடிப்பு வேண்டாம். ஒத்துக்கொண்ட பிறகே தினமும். ஒரு எச்சரிக்கை: இந்த மருந்து துணியின் சாயத்தைப் போக்கும். அவளுடைய நீலத் தலையணை உறையில் வெள்ளை மேகங்கள் தோன்றிவிட்டன. வெள்ளைத் துண்டும் பழைய உறையும் வைத்துக்கொள்வது நல்லது.

இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகளும் உண்டு. அசிலாயிக் அமிலம் எரியும் தோலுக்கு ஓரளவு மென்மையானது. பரு விட்டுச் செல்லும் கருந்தழும்பையும் மங்கச் செய்யும். அடாபலீன் அடைப்பைத் திறப்பது. இரவில், முகம் முழுவதற்கும் பட்டாணியளவே போதும். கருவுற்ற பெண்கள் அதைத் தொடக் கூடாது. ஆன்டிபயாடிக் களிம்பைத் தனியாகவே மாதக்கணக்கில் போட்டால் நுண்ணுயிர் அதற்குப் பழகிவிடும். எதை, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வெயிலை மறக்கக் கூடாது. எங்களைப் போன்ற மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் பரு போன இடத்தில் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்கும். வெயில் அதைக் கறுக்கச் செய்யும். எஸ்.பி.எஃப். 30 உள்ள வெயில் தடுப்புக் கிரீம் நல்லது. வாங்க வசதியில்லையேல் குடையும் தாவணித் தலைப்பும் இருக்கவே இருக்கின்றன. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொண்டாலே நெற்றிப் பரு பாதி குறையக் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பருவைக் கிள்ளக் கூடாது. கிள்ளிய பரு இரண்டு நாளில் போகும். அதன் வடு போகாது.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இறாலும் கருவாடும் தின்றால் பரு வராமல் என்ன செய்யும்?" என்று பேருந்தில் எங்களைக் கேலி செய்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு தீவைக் காட்டுகிறோம். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவு மக்கள் மீன், கிழங்கு, பழம், தேங்காய் உண்டு வாழ்பவர்கள். அங்கே 1,200 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒருவர் முகத்திலும் பரு இல்லை என்று கண்டார்கள். பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் மீன் குற்றவாளி அல்ல என்பது தெளிவு. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு உண்டவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. ஆகவே தோழியரே, கருவாட்டைக் குறை சொல்லாமல், பள்ளி வாசலில் வாங்கும் குளிர்பானத்தைக் குறைத்துப் பாருங்கள்.

எங்களுள் ஒருத்தி நாட்காட்டியில் குறித்து வைத்தாள். இரண்டாம் வாரம் மாற்றமில்லை. நான்காம் வாரம் புதிதாய் இரண்டு வந்தன, அழுதாள். எட்டாம் வாரம் நெற்றி தெளியத் தொடங்கியது. பன்னிரண்டாம் வாரம் மோவாயில் ஒன்று மட்டும். பருவுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரப் பொறுமை வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பத்து நாளில் வெளுக்கும் களிம்பையும் பன்னிரண்டு வாரத்தில் தெளியும் மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எங்களுக்கு, அவசரத்தின் விலை என்னவென்று புரிந்தது. பொறுத்தவள் முகம் தெளிந்தது. தோழியின் முகம் ஆறு மாதத்திற்குப் பின்பும் வெயிலில் சிவக்கிறது. ஆனால் எரிச்சல் குறைந்துவிட்டது. பள்ளிக்கு வருகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள்.

அவசரம் எங்கிருந்து வந்தது? பருவிலிருந்தா? இல்லை, "கலரா தெரிய வேணாமா" என்ற அந்தச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு 1975-இல் கடைக்கு வந்தது. 2020-இல்தான் அதன் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறிக்கும் சொல்லை எடுத்தார்கள். அது ஸ்டீராய்டு அல்ல. ஆனால் வெளுப்பே அழகு என்ற எண்ணம் ஊறிப்போன வீட்டில், எந்த டியூபும் எளிதில் நுழைந்துவிடுகிறது. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009-இல், கருமையும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. வெயிலில் உழைத்துக் கறுத்த தாய்மாரின் பெண்களாகிய நாங்கள் அதை முழுமனத்தோடு வரவேற்கிறோம்.

பெற்றோர்களே, உங்கள் மகள் கண்ணாடி முன் அதிக நேரம் நின்றால் கோபிக்க வேண்டாம். நிறத்தைச் சொல்லிக் குத்தவும் வேண்டாம். அவள் மேசையில் புது டியூப் கண்டால் பெயரைப் படியுங்கள். அருட்சகோதரியரே, விழாவுக்கு மேடை ஏறும் மாணவியிடம் "நீ இருக்கிறபடியே வா" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லுங்கள். அது எந்தக் களிம்பையும்விட நன்றாக வேலை செய்யும். அன்புத் தோழியரே, பெரிய கட்டிகளாக வலித்தாலோ, குழி விழுந்தாலோ, மாதவிலக்கு ஒழுங்கின்றி இருந்தாலோ, மனம் சோர்ந்தாலோ தாமதியாமல் டாக்டரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் தோலுக்கும் டாக்டர் உண்டு. லேசான பருவானால் மென்மையாகக் கழுவுங்கள், குறைவாகப் பூசுங்கள், பன்னிரண்டு வாரம் பொறுத்திருங்கள். பருவம் தந்த பரு, பொறுமை கண்டால் விடைபெற்றுப் போகும்.

— லைட்ஹவுஸ் குப்பத்து மாணவியர்,
பதினோராம் வகுப்பு